வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா? டிஃபெண்டரும் கட்டண மென்பொருள்களும்: ஒரு மதிப்பீடு

விண்டோஸ் 11 ஓடும் சாதாரண வீட்டுக் கணினிக்கு, அதனுடனேயே வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரும், இணைப்புகளை அனுமதிக்கவும் தடுக்கவும் செய்யும் விண்டோஸ் ஃபயர்வாலும் போதும் என்பதே என் முடிவு. புதுக் கணினி வாங்கும்போது கடைக்காரர் பில்லோடு சேர்த்து நீட்டும் ஆன்டிவைரஸ் பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த முடிவு எல்லா வீடுகளுக்கும் பொருந்தாது. டிஃபெண்டரையும் வந்தது வந்தபடியே விட்டுவிட்டால் அது தன் முழுத் திறனையும் காட்டுவதில்லை. எந்த வீட்டில் கட்டண மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, அப்போது எதை வாங்கலாம், ஃபயர்வாலைப் பற்றி நிலவும் குழப்பங்கள் எவை என்பவற்றை, உறவினர் நண்பர் வீட்டுக் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டிஃபெண்டர் மீது பலருக்கு இன்றும் இருக்கும் இளக்காரம் ஒரு காலத்தில் நியாயமானதாகவே இருந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக வெளியிட்ட செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற ஆன்டிவைரஸ், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தில் 2012-இன் இறுதியில் நடந்த சோதனையில் சான்றிதழ் பெறத் தவறியது. விண்டோஸ் 8 வந்தபோது அதே மென்பொருள் டிஃபெண்டர் என்ற பெயரில் இயங்குதளத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அப்போதும் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் 2019-இல் அதே ஆய்வகம், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய 3 பிரிவுகளுக்கும் தலா 6 என, 18-க்கு 18 மதிப்பெண்ணை அதற்கு வழங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த முக்கியமான மாற்றம், சந்தேகத்துக்குரிய கோப்பு ஒன்றைக் கண்டவுடன் அதைப் பற்றி இணையத்தின் வழியே மைக்ரோசாஃப்டின் சேவையகத்திடம் கேட்டு, நொடிகளில் முடிவெடுக்கும் முறை வலுப்பெற்றதுதான். உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளிலிருந்து வரும் தகவல் ஒரே இடத்தில் சேர்வதால், இன்று காலையில் வேறெங்கோ தலைகாட்டிய நச்சுநிரலை மாலையில் நம் வீட்டுக் கணினி அடையாளம் கண்டுகொள்கிறது.

இந்த வலிமையே அதன் பலவீனமும் ஆகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம், இணையத் தொடர்பு இருக்கும்போதும் இல்லாதபோதும் தனித்தனியாகச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. இணையம் இல்லாத நிலையில் டிஃபெண்டரின் கண்டறியும் திறன் மற்ற சிலவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவதை அவற்றில் காணலாம். எப்போதும் பிராட்பேண்டில் இணைந்திருக்கும் கணினிக்கு இது பொருட்டே அல்ல. மொபைல் ஹாட்ஸ்பாட்டை அவ்வப்போது மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் பென்டிரைவில் கோப்புகளை வாங்கிக் கொடுத்து வேலை செய்யும் கணினிக்கு இது முக்கியம்.

ஆய்வக மதிப்பெண்களை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க முயல்பவர்கள் விரைவில் சலித்துப்போவார்கள். பிட்டிஃபெண்டர், ஈசெட், காஸ்பர்ஸ்கி, நார்ட்டன், டிஃபெண்டர் என எதை எடுத்தாலும் மேல்வரிசையில் உள்ளவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு முறை முதலில் நின்றது அடுத்த முறை மூன்றாவதாக நிற்கும். எனவே வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆன்டிவைரஸ் என்பது கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கவும், எதையும் தடுக்கவும், அழிக்கவும் உரிமை பெற்ற மென்பொருள். எல்லா அறைச் சாவிகளையும் கையில் கொடுத்து வீட்டில் ஒரு காவலாளை அமர்த்துவதற்கு அது ஒப்பாகும். அவர் எவ்வளவு பலசாலி என்பதைவிட, அந்தச் சாவிகளை என்ன செய்கிறார் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தால் கிடைக்கும் தகவல்கள் அவ்வளவு ஆறுதலாக இல்லை. இலவச ஆன்டிவைரஸ் என்றாலே பலரும் நினைக்கும் அவாஸ்ட், தன் பயனர்கள் இணையத்தில் எங்கெல்லாம் செல்கிறார்கள் என்ற தகவலைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றுவந்தது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்நிறுவனத்துக்கு 1.65 கோடி டாலர் செலுத்துமாறு உத்தரவிட்டு, இத்தகைய தகவலை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது. இன்னொரு இலவச ஆன்டிவைரஸான ஏவிஜியை 2016-இல் அவாஸ்ட் வாங்கியது. அவாஸ்ட் 2022-இல் நார்ட்டனோடு இணைந்து, இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே குடையின் கீழ் நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இருக்கின்றன. ஒன்று பிடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினேன் என்று சொல்பவர் பெரும்பாலும் அதே வாசலில்தான் நிற்கிறார்.

காஸ்பர்ஸ்கியின் கதை வேறு விதம். கண்டறியும் திறனில் அதற்குக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பல ஆண்டுச் சோதனைகளில் அது முன்வரிசையிலேயே இருந்துவருகிறது. மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் என்பதால் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பு 2022 மார்ச்சில் அதைப் பயன்படுத்துவது பற்றி எச்சரித்தது. அமெரிக்க அரசு 2024 ஜூனில் அதன் விற்பனைக்கே தடை அறிவித்தது. அந்தத் தடையைவிட அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம்: 2024 செப்டம்பரில் அமெரிக்கப் பயனர்கள் பலரின் கணினிகளிலிருந்து காஸ்பர்ஸ்கி தானாகவே நீங்கி, அதுவரை அவர்கள் கேள்விப்பட்டே இராத அல்ட்ராஏவி என்ற மென்பொருள் அதன் இடத்தில் வந்து அமர்ந்திருந்தது. இந்தியாவில் அதற்குத் தடை எதுவும் இல்லை, வாங்குபவர்கள் வாங்கலாம். நான் பரிந்துரைப்பதில்லை.

மும்பையைச் சேர்ந்த ஈஸ்கேன் விஷயத்தில், அதன் புதுப்பிப்புகள் குறியாக்கம் இல்லாத இணைப்பின் வழியே அனுப்பப்பட்டு வந்ததைப் பயன்படுத்தி, ஒரு கும்பல் அந்தப் புதுப்பிப்பின் இடத்திலேயே நச்சுநிரலை வைத்து அனுப்பியது. 2023 ஜூலையில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் முழு விவரத்தையும் வெளியிட்டவர்கள் அவாஸ்டின் ஆய்வாளர்கள் என்பது ஒரு சுவையான முரண். மெக்காஃபி 2010 ஏப்ரல் 21 அன்று அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று கருதி முடக்கியதால் உலகெங்கும் கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்துகொண்டிருந்தன. நிறுவனங்களுக்கான பாதுகாப்பு மென்பொருளான கிரவுட்ஸ்டிரைக் 2024 ஜூலை 19 அன்று தவறான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலப் பிழைத்திரையில் நிறுத்தியதை எல்லோரும் அறிவோம். ஆன்டிவைரஸ் எண்ணிக்கை கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பவர்கள் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் உள்ளே நுழைய இன்னொரு வழியும்கூட. டிஃபெண்டரும் பிழைகளுக்கு அப்பாற்பட்டதல்ல. ஆனால் விண்டோஸைப் பயன்படுத்துபவர் மைக்ரோசாஃப்டிடம் ஏற்கெனவே சாவிகளைக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் இன்னொருவரிடம் கொடுப்பதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும் என்பதே நான் டிஃபெண்டர் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம்.

இனி டிஃபெண்டரை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸ் என்பதை அழுத்தினால் வரும் திரையில், டேம்பர் புரொடெக்‌ஷன் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். நச்சுநிரல் ஒன்று உள்ளே வந்து டிஃபெண்டரையே அணைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அதே திரையின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்றொரு பட்டியல் இருக்கிறது. டிஃபெண்டர் பார்க்கவே கூடாது என்று விலக்கப்பட்ட கோப்புறைகள் அதில் இருக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. "டிஃபெண்டர் எதையும் பிடிப்பதில்லை" என்று நண்பர் ஒருவர் குறைபட்டுக்கொண்ட கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது, சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. அவர் மகன் விளையாட்டு ஒன்றின் உரிமப் பூட்டை உடைக்கும் கிராக்கை நிறுவியபோது, அதனுடன் வந்த குறிப்பு சொன்னபடி செய்திருக்கிறான். காவலை எழுந்து போகச் சொல்லிவிட்டு அது காக்கவில்லை என்று குறைபட்டுப் பயனில்லை. அந்தப் பட்டியல் வெறுமையாக இருப்பதே நல்லது.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சுநிரலான ரான்சம்வேருக்கு எதிரான கண்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதி டிஃபெண்டரில் இருந்தும், தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். அதை இயக்கினால், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற கோப்புறைகளில் அறிமுகமில்லாத நிரல் எதுவும் எழுத முடியாது. குடும்பப் புகைப்படங்களும் பத்திர நகல்களும் இருக்கும் கணினியில் இதை இயக்குவதே என் பரிந்துரை. ஆனால் முதல் வாரம் கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய ஸ்கேனர் மென்பொருள், புகைப்படத்தைச் சிறிதாக்கும் சிறு கருவி, கணக்கு எழுதும் நிரல் போன்றவை சேமிக்க முயலும்போது, தடுக்கப்பட்டது என்று நேராகச் சொல்லாமல், கோப்பைக் காணவில்லை என்பது போன்ற தொடர்பற்ற பிழைச் செய்தியைக் காட்டும். பிளாக் ஹிஸ்டரியில் அந்த நிரலின் பெயரைக் கண்டுபிடித்து அனுமதிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இதை இயக்காமல், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து அதைக் கழற்றி அலமாரியில் வைப்பதே மேல். கணினியிலேயே செருகி வைத்திருக்கும் நகலை ரான்சம்வேர் விட்டுவைக்காது.

பழைய ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினியில் டிஃபெண்டர் சுமையாகத் தெரியும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்ற பெயர் மேலே ஏறிக்கொண்டு, வட்டின் பயன்பாடு நூறு விழுக்காட்டில் நிற்கும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ள கோப்புறையை நகலெடுக்கும்போது பொறுமை போய்விடும். வேகமான எஸ்எஸ்டி வட்டு போட்ட கணினியில் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இணையத்தளப் பாதுகாப்பான ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் உலாவியில்தான் முழுமையாக வேலை செய்யும். குரோம் பயன்படுத்துபவர்களுக்கு அந்த வேலையைக் கூகுளின் சேஃப் பிரௌசிங் செய்கிறது, அதிலும் குறை ஒன்றுமில்லை.

கட்டண மென்பொருளுக்கு நியாயம் இருக்கும் இடங்களில் முக்கியமானது பென்டிரைவ் புழங்கும் வீடு. ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஒரு முறை செருகிய பென்டிரைவை வீட்டில் திறந்தால், கோப்புறைகள் எல்லாம் இடக்கீழ் மூலையில் சிறு அம்புக்குறியோடு ஷார்ட்கட்டுகளாக மாறியிருக்கும். கோப்புகள் அழிந்துவிடவில்லை, இயங்குதளத்தின் மறைகோப்புகள் என்ற அடையாளத்தோடு அதே பென்டிரைவில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை அழுத்தினால் கோப்புறையும் திறக்கும், கூடவே நச்சுநிரலும் இயங்கும். கோப்புறை திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. டிஃபெண்டர் இவற்றில் பெரும்பாலானவற்றை இயங்க முயலும்போதே பிடித்துவிடுகிறது. ஆனால் பென்டிரைவைச் செருகியவுடன் தானாக முன்வந்து முழுதும் ஸ்கேன் செய்வதில்லை. கணினி முழுவதற்குமான ஸ்கேனிலும் பென்டிரைவை இயல்பாகச் சேர்ப்பதில்லை. வலது சொடுக்கில் டிஃபெண்டரைத் தேர்ந்து நாமே ஸ்கேன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பி அச்செடுக்கும் வழக்கம் வந்ததில் இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது என்பதை ஜெராக்ஸ் கடைக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுத் தயாரிப்புகளான கே7, குவிக் ஹீல் இரண்டும் பயனரின் தேவையை அறிந்து செய்யப்பட்டவை. கே7 கம்ப்யூட்டிங், ஜெ. கேசவர்தனன் 1991-இல் தொடங்கிய சென்னை நிறுவனம். குவிக் ஹீல், புனேயில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சய் கட்கரும் 1990-களில் உருவாக்கியது. இரண்டுமே பென்டிரைவைச் செருகியவுடன் ஸ்கேன் செய்யும். கே7 பழைய கணினியின் வேகத்தை அதிகம் குறைப்பதில்லை. 4 ஜிபி நினைவகமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் டிஃபெண்டரைவிட இலகுவாகவே அது ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அதன் குறை, சிறு நிறுவனங்களும் தனி ஆர்வலர்களும் எழுதிய, பரவலாக அறியப்படாத நிரல்களைச் சில நேரம் தவறாக நச்சுநிரல் என்று பிடித்துவிடுவது. வசதிகள் குவிக் ஹீலில் அதிகம், அறிவிப்புகளும் அதிகம். இரண்டில் ஒன்று என்றால் நான் கே7 பக்கம்தான். அது சென்னையில் உருவானது என்ற பாசத்துக்கு இதில் சிறு பங்கு இருக்கலாம், பெரிய பங்கு அதன் இலகுவான தன்மைக்கே.

வெளிநாட்டுத் தயாரிப்புகளில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட், தொந்தரவு செய்யாத மென்பொருள் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது. கணினியில் இருப்பதே தெரியாது, விலை மட்டும் தெரியும். ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் ரான்சம்வேருக்கு எதிராக வலுவானது, ஆனால் நினைவகம் அதிகம் கேட்கும். இரண்டின் அடிப்படைப் பதிப்பிலும் தனி ஃபயர்வால் கிடையாது; அடுத்த பதிப்புக்குப் போனால்தான் உண்டு. அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டுமா என்பதற்கு, ஃபயர்வால் என்ன செய்கிறது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

வைரஸைப் பிடிப்பது ஃபயர்வாலின் வேலை அன்று. வெளியிலிருந்து கணினிக்குள் வர முயலும் இணைப்புகளையும், உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்புகளையும் விதிகளின்படி அனுமதிப்பதும் மறுப்பதுமே அதன் வேலை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, பயனர் எதையும் திறக்காமலேயே, இணையத்தில் இணைந்திருந்த எக்ஸ்பி கணினிகளுக்குள் தானாக நுழைந்து பரவியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-தான் ஃபயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி செய்தது. அன்றிலிருந்து விண்டோஸில், நாம் அனுமதித்தவை தவிர வெளியிலிருந்து வருபவை தடுக்கப்படுகின்றன. உள்ளிருந்து போகிறவை அனுமதிக்கப்படுகின்றன. 2017 மே 12 அன்று தொடங்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் தாக்குதல் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயிலின் வழியேதான் கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெளியே போவதையும் கட்டுப்படுத்த வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. ஸோன்அலாரம் போன்ற ஃபயர்வால்கள் 2000-களில் பெயர் பெற்றது இதற்காகத்தான்: ஒவ்வொரு நிரலும் இணையத்தைத் தொட முயலும்போது அனுமதிக்கலாமா என்று கேட்கும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், நிறுவிய முதல் நாளில் உலாவி, அச்சுப்பொறி மென்பொருள், விண்டோஸின் பெயர் புரியாத சேவைகள் என வரிசையாகக் கேள்விகள் வரும். சிறிது நேரத்திலேயே வீட்டில் உள்ளவர்கள் படிக்காமலேயே ஆமாம் என்று அழுத்தப் பழகிவிடுவார்கள். பிறகு உண்மையான நச்சுநிரல் வந்து கேட்டாலும் அதே விரல் அதே பொத்தானைத்தான் அழுத்தும். கேள்விகளைப் படித்து விடை சொல்லும் ஆர்வம் உள்ளவர்களுக்கு, விண்டோஸ் ஃபயர்வாலின் மேலேயே அமர்ந்து வேலை செய்யும் விண்டோஸ் ஃபயர்வால் கண்ட்ரோல் என்ற இலவசக் கருவி இருக்கிறது; 2018 முதல் அது மால்வேர்பைட்ஸ் நிறுவனத்திடம் உள்ளது. மற்றவர்கள் தனி ஃபயர்வாலுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

விண்டோஸ் ஃபயர்வாலைப் பலர் முழுவதுமாக அணைத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சுப்பொறிதான். ஒரு கணினியில் இணைத்த பிரிண்டரை இன்னொரு கணினியிலிருந்து பயன்படுத்த முடியாதபோது, வீட்டுக்கு வந்து சரிசெய்பவர் முதலில் செய்வது ஃபயர்வாலை அணைப்பது; பிரிண்டர் வேலை செய்யும், அவரும் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், ஃபயர்வால் மட்டும் அணைந்தே கிடக்கும். செய்ய வேண்டியது, வீட்டு வைஃபையைப் பிரைவேட் என்று குறித்து, கோப்பு மற்றும் பிரிண்டர் பகிர்வை மட்டும் அந்த வகைக்கு அனுமதிப்பது. பகிர்வே தேவையில்லாத வீட்டில் சொந்த வைஃபையையும் பப்ளிக் என்றே விட்டுவைக்கலாம், அதனால் எந்த இழப்பும் இல்லை. புதிதாக நிறுவிய நிரலுக்காக ஃபயர்வால் அனுமதி கேட்டு ஒரு சாளரம் வரும்போது கேன்சல் செய்தால் இணையமே நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அந்தக் கேள்வி வெளியிலிருந்து அந்த நிரலுக்கு வரும் இணைப்புகளைப் பற்றியது மட்டுமே. பெரும்பாலான நிரல்கள் அந்த அனுமதி இல்லாமலே நன்றாக இயங்கும்.

வீட்டின் இன்னொரு ஃபயர்வால் ரௌட்டரில் இருக்கிறது. பழைய ஐபி முகவரி முறையில், உள்ளே இருக்கும் கணினிகள் வெளியில் நேரடியாகத் தெரிவதில்லை என்பதே ஒரு தடுப்பாக அமைந்தது. இப்போது ஜியோ போன்ற சேவைகள் ஐபிவி6 முகவரிகளையும் தருகின்றன. அவற்றில் ஒவ்வொரு கருவிக்கும் உலகமே அறியக்கூடிய முகவரி கிடைப்பதால், ரௌட்டரின் ஃபயர்வால் ஐபிவி6-க்கும் இயங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. அதற்கும் முன்னால், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல் இன்னும் அட்மின் என்றே இருந்தால் அதை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. முன்னதை மாற்றியவர்கள் பின்னதை மறந்துவிடுகிறார்கள்.

டோட்டல், அல்டிமேட் என்ற பெயர்களில் விற்கும் விலை உயர்ந்த தொகுப்புகளில் இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன், கடவுச்சொல் காப்பகம், கணினியைத் துப்புரவு செய்யும் கருவி போன்றவை சேர்ந்து வரும். விபிஎன் சில தொகுப்புகளில் தினசரி அளவு வரம்புள்ளது. கடவுச்சொல் காப்பகத்தைச் சந்தா முடிந்தால் இழுத்து மூடிவிடக்கூடிய இடத்தில் வைப்பது எனக்கு உவப்பில்லை. துப்புரவுக் கருவிகள் விண்டோஸிலேயே உண்டு.

வாங்குவது என்று முடிவு செய்தால், முதல் ஆண்டு விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம்கூட இருப்பதுண்டு. நிறுவனத்தின் தளத்தில் கார்டு கொடுத்து வாங்கினால் தானியங்கிப் புதுப்பிப்பு இயல்பாகவே சேர்ந்துவிடும். நம் நாட்டில் 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இத்தகைய தொடர் பற்றுக்கு 24 மணி நேரம் முன்பாக வங்கி அறிவிக்க வேண்டும், நாம் அதை மறுக்கவும் முடியும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் பெட்டியில் உரிமச் சாவி மட்டும்தான் பொருள்; பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் இந்த முறை தானியங்கிப் பற்றின் தலைவலி இல்லாதது என்பதால் பெரியவர்களுக்கு நான் இதையே சொல்வேன். புது மடிக்கணினியோடு மெக்காஃபி போன்றவற்றின் சோதனைப் பதிப்பு நிறுவப்பட்டு வருவது வழக்கம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே இருக்கும். காலம் முடிந்தும் பயமுறுத்தும் அறிவிப்புகளோடு அது உட்கார்ந்திருக்க விடாமல், முதல் நாளே நீக்கிவிட்டு, டிஃபெண்டர் எழுந்துவிட்டதா என்று பாருங்கள். வழக்கமான முறையில் நீங்காவிட்டால், இதற்கென்றே அந்தந்த நிறுவனங்கள் தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்றின் செயலை மற்றொன்று சந்தேகித்துக் கணினி தவழத் தொடங்கும்.

எந்த மென்பொருளும் தடுக்காத ஒன்றும் உண்டு. வங்கியிலிருந்தோ காவல் துறையிலிருந்தோ பேசுவதாகச் சொல்பவர் கேட்டுக்கொண்டபடி எனிடெஸ்க் போன்ற தொலை இயக்க நிரலை நாமே நிறுவி, திரையில் தெரியும் எண்ணையும் நாமே படித்துக் காட்டினால், ஆன்டிவைரஸின் பார்வையில் அங்கே குற்றம் எதுவும் நடக்கவில்லை. அந்த நிரல் முறையானது, அனுமதித்தவர் உரிமையாளர். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கணினியில் ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டது என்ற ஐயம் இருந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை இயக்குங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே அது கணினியைச் சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் நச்சுநிரல்களும் சிக்கும், கால் மணி நேரம் போல ஆகும். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசத் துப்புரவுக் கருவிகளையும் தருகிறது.

எஞ்சியிருப்பது விண்டோஸ் 10 கணினிகளின் கேள்வி. நம் வீடுகளில் இவைதான் ஏராளம். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லு கொண்டவற்றில் பெரும்பாலானவை முறைப்படி விண்டோஸ் 11-க்கு ஏறவும் முடியாது. விண்டோஸ் 10-க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டு நிம்மதி அடைபவர்களும், திருத்தங்கள் நின்ற கணினிக்கு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இயங்குதளத்திலேயே உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது. அதன் வழியே வருவதில் தெரிந்ததை மட்டும் பிடிக்க முயலும். அத்தகைய கணினியை முதலில் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். அந்தக் காலமும் முடிந்தபின், அதில் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். உலாவி, காணொளி, கடிதம் எழுதுவது எல்லாவற்றுக்கும் அது போதும். கணக்கு எழுதும் டாலி போன்று விண்டோஸ் இருந்தே ஆக வேண்டிய நிரல் அதில் இருந்தால், இணையத் தொடர்பைத் துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கிப் பரிவர்த்தனையை வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள்.